சிப்பாய், சீப்பொய், ஸ்பாயி

சிப்பாய் என்று தமிழில் எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரிதான் படிப்பார்கள், அதில் ஒரு குழப்பமும் இல்லை. அதே சொல்லை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ‘சீப்பொய்’ என்று வரும், முதல் எழுத்து நீண்டு கடைசியில் ஒரு பொய்யும் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சில் ஏறக்குறைய நம்மைப் போலவே ‘சிப்பாய்’. இந்தியில் ‘சிபாஹி’, மராட்டியில் ‘ஷிபாயி’, வங்காளத்துப் பேச்சில் ‘செபாய்’. போதாக்குறைக்கு பிரெஞ்சுக்குள்ளேயே ‘ஸ்பாயி’ என்று இன்னொன்று தனியாக இருக்கிறது. அர்த்தமும் ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் படைவீரர், ஓரிடத்தில் போலீஸ்காரர், ஓரிடத்தில் ஆபீசில் ஃபைல் தூக்குபவர், கடல் தாண்டிப் போனால் சில ஊர்களில் அது ஒரு வசைச் சொல்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம், டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். இந்தச் சொல்லுக்கு உலகத்தில் கிடைத்த மரியாதையும் அவமரியாதையும் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள் நடந்த சண்டைகளில் ஆரம்பித்தவை. அதனால் இது நம்ம ஊர்க் கதை என்று உரிமையோடு சொல்லலாம், சொல் மட்டும் நம்முடையது இல்லை.

சொல் பாரசீகம். ‘சிபாஹ்’ என்றால் படை, அதோடு ஓர் ஈகாரம் சேர்த்தால் ‘சிபாஹி’, படையைச் சேர்ந்தவன். இதன் பழைய வடிவம் அவெஸ்தா மொழியில் ‘ஸ்பாத’ என்று இருக்கிறது. ஈரானின் இஸ்பஹான் நகரம் தெரியுமே, அந்தப் பெயரும் இதே வேர்தான், படைகள் தங்கிய இடம் என்ற பொருளில் ‘ஸ்பஹான்’ என்று இருந்தது அப்படி ஆகியிருக்கிறது. இன்றைக்கும் ஈரானில் புரட்சிக் காவல் படையை ஜனங்கள் சுருக்கமாக ‘செபாஹ்’ என்றுதான் சொல்வார்கள். மேற்காசியச் செய்திகளில் வாரம் ஒரு தடவையாவது அடிபடுகிற அந்தப் படையின் பெயரும் நம் பள்ளிக்கூடப் புத்தகத்துச் சிப்பாயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஈரானிலிருந்து சொல் இரண்டு பக்கமும் கிளம்பியது. மேற்கே துருக்கிக்குப் போனபோது ‘சிபாஹி’ என்றால் குதிரைப்படை வீரன், அதுவும் சாதாரண ஆள் இல்லை, சுல்தான் கொடுத்த நிலத்தின் வரும்படியில் குதிரையும் ஆயுதமும் வைத்துக்கொண்டு, போர் என்று அழைப்பு வந்தால் படையோடு போகிற கௌரவமான ஆள். 1830இல் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தார்கள். அங்கே துருக்கிய ஆட்சியில் இருந்த குதிரை வீரர்களைத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டபோது பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அது பிரெஞ்சு வாயில் ‘ஸ்பாயி’ ஆயிற்று. பிரெஞ்சு ராணுவத்தில் ஸ்பாயி ரெஜிமென்ட் இன்னும் இருக்கிறது, இப்போது குதிரைக்குப் பதில் கவச வண்டி.

கிழக்கே இந்தியாவுக்கு வந்த சிபாஹிக்குக் குதிரை கிடைக்கவில்லை. இங்கே குதிரைக்காரனுக்கு ‘சவார்’ என்று வேறு பெயர் இருந்தது, சிபாஹி காலால் நடக்கிறவன், மாதச் சம்பளக்காரன். முகலாயர் படையிலும் தக்காணத்து சுல்தான்கள் படையிலும் இருந்த அந்தச் சொல்லைப் போர்ச்சுகீசியர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து மற்ற ஐரோப்பியர்களுக்குப் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சு மொழிக்கு ஒரே பாரசீகச் சொல் இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறது, ஒன்று துருக்கி வழியாக, ஒன்று இந்தியா வழியாக. குதிரையில் வந்தது ஸ்பாயி, நடந்து வந்தது சிப்பாய். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் ஸ்பாயியைப் பார்த்துவிட்டுச் சிப்பாய் என்று போட்டுவிடுவது உண்டு. வேரைப் பார்த்தால் சரி, ஆளைப் பார்த்தால் தப்பு.

சரி, தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? ‘சிபாஹி’யை அப்படியே எழுதினால் ‘சிபாகி’ என்றுதான் எழுத வேண்டும். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் பகரத்தை நாம் மென்மையாகத்தான் ஒலிப்போம், கபம், லாபம், சபை எல்லாம் அப்படித்தான். ஆகவே ‘சிபாய்’ என்று எழுதியிருந்தால் படிக்கிற வாய் தானாக அதை மெலிவாக ஒலித்திருக்கும், பாரசீகத்தின் வல்லின ஒலி காணாமல் போயிருக்கும். அந்த ஒலியைக் காப்பாற்ற தமிழுக்கு ஒரே வழி பகரத்தை இரட்டிப்பது. அதனால்தான் சிப்பாய். டீக்கடை கப்பிலும் இதே ஏற்பாடுதான் நடக்கிறது.

ஹகரம் போன கதையும் நமக்குப் புதிதல்ல. சாஹிப் என்பது தமிழில் இரண்டு விதமாக வந்தது, எழுத்துக்காரர்கள் ‘சாகிபு’ என்றார்கள், தெருவில் ‘சாயபு’ என்றார்கள். தஹசில்தாரில் ஹகரத்தை விழுங்கிவிட்டுத் தாசில்தார் ஆக்கினோம். சிபாஹியும் சாயபு போன வழியில் போயிற்று, ‘சிப்பாகி’ ஆகாமல் சிப்பாய் ஆயிற்று. மராட்டியிலும் மலையாளத்திலும் ஹகரம் இல்லாமல்தான் இருக்கிறது, மலையாளத்தில் ‘ஷிபாயி’. தக்காணத்து உருதுப் பேச்சிலேயே ஹகரம் தேய்ந்துவிடும் வழக்கம் உண்டு என்பதால், தமிழுக்கு இது டெல்லிப் பாரசீகத்திலிருந்து நேரே வரவில்லை, ஆற்காடு, கோல்கொண்டா பக்கத்துப் படைகளின் பேச்சிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். போர்ச்சுகீசிய வடிவத்திலும் ஹகரம் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று சண்டை போடுவதில் பெரிய லாபம் இல்லை, கடற்கரைச் சந்தையில் எல்லா வாயும் கலந்துதான் கிடந்தன.

பிரெஞ்சுக்காரர்கள் இதை எழுதும்போது சில சமயம் நடுவில் ஒரு ஹகர எழுத்தையும் வைத்து எழுதினார்கள், பழைய பாண்டிச்சேரிப் படத் தபால் அட்டைகளில் அந்த எழுத்தோடு இருப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சில் அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது என்பதால் அது பார்வைக்கு மட்டும். ஆங்கிலேயர்கள்தான் கெடுத்தார்கள். அவர்களுடைய பழைய ஆவணங்களில் இந்தச் சொல்லைக் கடல் என்ற ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்து, ஏதோ கடலோரத்து ஆள் என்பது போல எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அந்த எழுத்தையும் தலைப்பிலேயே சேர்த்துக் கொடுக்கிறது. அந்த இழுப்புதான் இன்றைய ‘சீப்பொய்’.

இப்போது சண்டைக்கு வருவோம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எங்கெங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். அப்படிக் கிடைத்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே பிறகு சொன்னார்கள். அந்தக் கோட்டைக்குத்தான் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். இந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்களிடம் இருந்த உள்ளூர்க் காவலாட்களைச் சிப்பாய் என்று பெரும்பாலும் சொல்லவில்லை, ‘பியூன்’ என்றார்கள். ஆமாம், நம்ம ஆபீஸ் பியூனேதான். போர்ச்சுகீசியத்தில் கால்நடையாகப் போகிறவன், காலாள் என்று பொருள். கத்தி, கேடயத்தோடு கிட்டங்கியைக் காத்து நின்றவர்கள் அவர்கள்.

ஐரோப்பியத் துப்பாக்கி, ஐரோப்பிய அணிவகுப்பு, ஐரோப்பிய அதிகாரி, அதில் நிற்கிற ஆள் மட்டும் இந்தியர் என்ற ஏற்பாட்டைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவர்கள் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள். கவர்னர் துய்மா காலத்தில் தொடங்கியதை, 1742இல் கவர்னராக வந்த துய்ப்ளே பெரிதாக்கினார். மாஹேயிலிருந்தும் ஆட்களை வரவழைத்தார்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் மாஹே சிப்பாய்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ்கான் பெரிய படையோடு வந்து நின்றான். பாரதி என்ற பிரெஞ்சு அதிகாரியிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர், அவர்களிலும் பெரும்பகுதி சிப்பாய்கள். ஆற்றில் இறங்கி நடந்து வந்து வரிசையாக நின்று சுட்டார்கள், நவாப் படை சிதறி ஓடியது. (அந்த அதிகாரியின் பெயரை ஆங்கில வழியில் பாரடிஸ் என்று எழுதுவார்கள், பிரெஞ்சில் கடைசி எழுத்து வாயில் வராது. நம்ம பாரதிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.) எண்ணிக்கை பெரிதில்லை, வரிசையும் துப்பாக்கியும்தான் பெரிது என்று அன்றைக்கு இந்தியாவிலிருந்த எல்லா ராஜாக்களுக்கும் தெரிந்துபோயிற்று.

ஆங்கிலேயர்களுக்கும் தெரிந்தது. அதே 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்துவிட்டு அவர்கள் தலைமையிடத்தைத் தேவனாம்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1752 வரைக்கும் தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைநகரம் என்றால் அது கடலூர்தான், இன்றைக்கு அந்தக் கடற்கரையில் சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கிளைவ். 1748 ஜனவரியில் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கினார், பிரெஞ்சுக்காரர்கள் செய்ததைப் பார்த்துத் தானும் உள்ளூர் ஆட்களை ஒழுங்கான படையாகத் திரட்டினார். அவரை இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கில வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் பிரசவம் நடந்த இடம் கெடிலம் கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்.

அதற்குப் பிறகு ஒரு பதினைந்து வருஷம் இந்த இரண்டு ஊரும் மாறி மாறி முட்டிக்கொண்டன. துய்ப்ளே கடலூரைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார், ஆங்கிலேயர் 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார்கள். 1752இல் நடுவழியில் பாகூரில் சண்டை, லாரன்ஸ் ஜெயித்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார், 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே இடித்துப் பழி தீர்த்துக்கொண்டார். இந்தச் சண்டைகள் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் இருந்தார்கள். பாகூர் ஏரிக்கரையில் ஒரு பக்கம் ‘சீப்பொய்’, எதிர்ப்பக்கம் ‘சிப்பாய்’, கூப்பிடுகிற அதிகாரியின் வாய்தான் வேறு. சம்பளம் நின்றுபோனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு, அதை அன்றைக்கு யாரும் பெரிய துரோகமாக நினைக்கவில்லை.

சிப்பாய்களுக்கு மேலே உள்ளூர்த் தலைவராக உயர்ந்தவர்களில் பெயர் நிலைத்தவர் யூசுப்கான், மருதநாயகம் என்று நாம் சொல்கிறவர். கம்பெனியின் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தளபதி என்ற பதவி வரைக்கும் போனார், பிறகு அதே கம்பெனியை எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கினார். ஜனங்கள் அவரைக் ‘கும்மந்தான் கான்சாகிபு’ என்றார்கள். கமாண்டன்ட் என்ற பதவிப்பெயர்தான் கும்மந்தான். ஆங்கிலத்தைவிட இது பிரெஞ்சு உச்சரிப்புக்கு நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள், பிரெஞ்சில் ‘கொமாந்தான்’, கடைசி டகரம் கிடையாது. படைச் சொற்களைத் தமிழ் யாரிடமிருந்து முதலில் கேட்டது என்பதற்கு இது ஒரு தடயம்.

1756 அக்டோபரில் கிளைவ் சென்னையிலிருந்து கப்பலேறி வங்காளம் போனபோது ஏறக்குறைய 1,500 சிப்பாய்களைக் கூடவே கொண்டுபோனார். வங்காளத்துக்காரர்களுக்கு அவர்கள் வேற்று நாட்டு ஆட்கள், தெற்கத்திக்காரர்கள். அதனால் ‘திலங்கா’, அதாவது தெலுங்கர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு கம்பெனி அங்கேயே அவத், பீகார் ஆட்களைச் சேர்த்தபோதும் அந்தப் பெயர் போகவில்லை, 1857இல் டெல்லிக்குள் நுழைந்த போஜ்பூரி பேசும் சிப்பாய்களையும் டெல்லிக்காரர்கள் திலங்கா என்றே சொன்னார்கள். தெற்கில் நாம் நம் ஆளை வடக்கத்திப் பாரசீகச் சொல்லால் அழைத்தோம், வடக்கில் அவர்கள் தங்கள் ஆளைத் தெற்கத்திப் பெயரால் அழைத்தார்கள். எங்கேயும் கூலிப்படைக்காரனுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்தான் கிடைத்தது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஹோட்டல் சிப்பந்தி, அலுவலகச் சிப்பந்தி என்கிறோமே, அந்தச் சிப்பந்தி சிப்பாயின் தம்பி போலத்தான் காதில் விழுகிறது. உறவு இல்லை. ‘சிஹ்’ என்றால் பாரசீகத்தில் மூன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூலி பட்டுவாடா செய்யப்பட்டவர்கள் சிபந்தி என்று விளக்கம் சொல்வார்கள். கம்பெனிக் காலத்தில் வரி வசூலுக்குத் துணையாகப் போன அரைகுறைப் படை அது. அதிலிருந்து இறங்கி, இன்றைக்கு இட்லி எடுத்து வருகிறவராக அந்தச் சொல் ஓய்வெடுக்கிறது.

பியூனும் சிப்பாயும் இடம் மாறிக்கொண்டதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மகாராஷ்டிரத்தில் அரசு அலுவலகத்துக்குப் போனால் மணியடித்ததும் வருகிறவர் ‘ஷிபாயி’, அதாவது பியூன். கேரளத்திலும் ஷிபாயி என்றால் அந்த வேலை உண்டு. தமிழில் சதுரங்கப் பலகையில் முன்வரிசையில் நிற்கும் எட்டுக் காய்களைச் சிப்பாய் என்கிறோம், பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அதே காய்க்குப் பெயர் ‘பியோன்’, ‘பெயோன்’, அதாவது பியூன். ஒருகாலத்தில் பியூன் சண்டை போட்டான், சிப்பாய் வந்ததும் அவன் மணிக்குப் பதில் சொல்கிறவன் ஆனான், சில மாநிலங்களில் பிறகு சிப்பாயும் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

நம் ஊரில் சிப்பாய் என்ற சொல் கலகம் என்ற சொல்லோடு ஒட்டிப் போனதற்கு வேலூர் காரணம். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் வெடித்தது. புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரவு போட்டார்கள். அடிமடியில் கை வைத்தால் யார் பொறுப்பார்கள்? ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார், சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கவர்னர் வில்லியம் பென்டிங்கைத் திருப்பி அழைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து 1857. இரண்டுக்குமே ஆங்கிலேயர் வைத்த பெயரை மொழிபெயர்த்துச் சிப்பாய்க் கலகம் என்று வெகுநாள் படித்தோம், இப்போது வேலூர்ப் புரட்சி, முதல் விடுதலைப் போர் என்று மாற்றி எழுதுகிறோம். கவனித்தால், கலகத்தைப் புரட்சி ஆக்கும்போது கூடவே சிப்பாயும் பெயரிலிருந்து கழன்று விழுந்துவிட்டான். கலகம் என்ற பழிச்சொல்லை எடுத்தது நியாயம்தான், செத்தவனை ஏன் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

புதுச்சேரியில் கதை வேறு மாதிரி போயிற்று. நெப்போலியன் விழுந்த பிறகு 1814 பாரிஸ் ஒப்பந்தத்தில், இந்தியாவில் திருப்பிக் கொடுக்கப்படும் ஊர்களில் பிரான்ஸ் கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆக, சிப்பாய்ப் படை இருந்தது, சண்டை இல்லை. அரசாங்க வீட்டு வாசலில் நிற்பது, ஊர்வலத்தில் நடப்பது, ஊரைக் காப்பது. துய்ப்ளே காலத்தில் நவாப் படையை ஓடவைத்த பெயர் போலீஸ் வேலைக்கு இறங்கிவிட்டது. புதுச்சேரிப் போலீஸ்காரர்கள் இன்றும் போடுகிற சிவப்புக் கெப்பித் தொப்பி அந்தப் பிரெஞ்சுக் காலத்து மிச்சம்.

அப்புறம் 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. சாதி, மதம் சார்ந்த சொந்த வழக்கங்களைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் முழுப் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படலாம். இவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்பார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள், ஊரில் கிடைக்காத மரியாதை தாளிலாவது கிடைக்கட்டும் என்று. அவர்களில் பலர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள், அலுவலக வேலைக்கும் போனார்கள், படைக்கும் போனார்கள். அங்கே அவர்கள் சேர்ந்தது சிப்பாயாக இல்லை, பிரெஞ்சுக் குடிமகனாக, ‘சொல்தா’வாக.

சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரர், கடைசி எழுத்தான தகரத்தை விழுங்கிவிட்டுச் சொல்வது. புதுச்சேரிக்கு வெளியே இந்தச் சொல்லை யாரிடமும் சொன்னால் புரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் சொல்தா என்பார்கள், அவர் பிள்ளையைச் ‘சொல்தா வீட்டுப் பையன்’ என்பார்கள், கல்யாணச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, பிராங்கிலும் பிறகு யூரோவிலும் வந்த பென்ஷன். சொல்லின் வேரிலேயே காசு இருக்கிறது என்பது கூடுதல் வேடிக்கை. லத்தீனில் ‘சொலிதுஸ்’ என்பது ஒரு பொற்காசு, அதிலிருந்து இத்தாலியனில் சம்பளம் என்ற பொருளில் ‘சொல்தோ’, அதை வாங்குகிறவன் ‘சொல்தாத்தோ’, அது பிரெஞ்சில் சொல்தா. ஆங்கிலத்து சோல்ஜரும் அதே சொலிதுஸ் வேரிலிருந்து வந்ததுதான். சிப்பாய் என்ற பெயரில் படை இருக்கிறது, சொல்தா என்ற பெயரில் சம்பளம் இருக்கிறது. எது பிழைத்தது பாருங்கள்.

புஸ்ஸி வீதியில் முன்னாள் படைவீரர் இல்லம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, “ஐயா, உங்க தாத்தா சிப்பாயா இருந்தாரா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“சிப்பாய் இல்ல தம்பி. சொல்தா. சிப்பாய்னா கேட்டுல நிக்கிறவன்.”

கோபமாக இல்லை, ஆனால் அதைத் திருத்தாமல் மேற்கொண்டு பேச அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரன் சொல்தா, கறுப்பன் சிப்பாய் என்று பிரித்து வைத்திருந்த ஓர் அமைப்பில், அவருடைய தாத்தா சொல்லை மாற்றிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார். கடற்கரைச் சாலையில் முதல் உலகப்போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்கிற பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். (வீதிக்குப் பெயர் கொடுத்த புஸ்ஸி, 1783இல் கடலூரில் ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுத் தளபதி. ஐரோப்பாவில் சமாதானம் முடிவாகி ஐந்து மாதம் ஆன சேதி கடலூருக்கு ஜூன் கடைசியில்தான் வந்தது, அதற்குள் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் அடிபட்டிருந்தார்கள்.)

கடலூர் பக்கத்துக் கிராமங்களில் சிப்பாயும் கிடையாது, சொல்தாவும் கிடையாது. அங்கே ‘மிலிட்டரிக்காரர்’, வயதானவர்கள் வாயில் ‘பட்டாளத்துக்காரர்’. பட்டாளமும் கப்பலில் வந்ததுதான், பெட்டாலியன் என்பதன் உறவு. “எம் பையன் மிலிட்டரியில இருக்கான்” என்று சொல்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள், “எம் பையன் சிப்பாய்” என்று சொல்கிற அம்மாவை நான் பார்த்ததில்லை, அவன் சம்பளச் சீட்டில் பதவி என்ற இடத்தில் அதுதான் போட்டிருக்கும் என்றாலும். பத்திரிகைகளும் ராணுவ வீரர் என்றுதான் எழுதும். 1758ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமென்டின் ஆட்களை ராணுவத்துக்குள் ‘தம்பி’ என்பார்கள். அவர்களுடைய போர்முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’.

நம்மிடம் வெறும் மரியாதைக் குறைவாக நின்றது, வெளிநாட்டில் வசையாகவே ஆகிவிட்டது. போர்ச்சுகீசியர் இந்தச் சொல்லை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் ‘சிப்பாயு’ என்றால் காலனி அதிகாரிக்காகச் சொந்த ஜனங்களிடம் வரி பிடுங்கிய உள்ளூர்ப் போலீஸ்காரன். அர்ஜென்டினா அரசியலில் ‘சிபாயோ’ என்று ஒருவரைத் திட்டினால் அந்நியனுக்கு விலைபோனவன் என்று அர்த்தம், பிரிட்டிஷ் முதலாளிகளுக்குத் தாளம் போட்டவர்களை அங்கத்திய தேசியவாதிகள் அப்படித் திட்டிப் பழக்கிவிட்டார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் தீவிர தேசியவாதிகள் தங்கள் மாகாணப் போலீசையே ‘சிபாயோ’ என்பார்கள். பாகூரையும் வேலூரையும் கேள்விப்பட்டிராத ஊர்களில் நம் ஆட்களின் பெயர் சுவரில் கரியால் எழுதப்படுகிற வசை. 1806இல் அந்தச் சிப்பாய்கள் செய்ததை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

சிங்கப்பூரில் கொஞ்சம் பரவாயில்லை. கம்பெனியின் இந்தியப் படை தங்கியிருந்த இடத்துக்கு அங்கே சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். அந்த இடத்தில் பெரிய அரசு மருத்துவமனை வந்தது. பழைய தலைமுறைச் சீனர்கள் ஹொக்கியன் மொழியில் அந்த ஆஸ்பத்திரியை ‘சி-பாய்-போ’ என்பார்கள், சிப்பாய்த் திடல். பாரசீகத்திலிருந்து கிளம்பிய சொல் தமிழன் தோளில் ஏறிப்போய்ச் சீனர் வாயில் ஆஸ்பத்திரி ஆகியிருக்கிறது. கடலூர் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது வயதான சீனர் அப்படிச் சொல்லக் கேட்டால், அது சீனமாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம்.

இந்திய ராணுவத்தில் சிப்பாய் என்பது இத்தனைக்குப் பிறகும் அதிகாரபூர்வமான பதவிப்பெயர். காலாட்படையில் அடிப்படி அதுதான், அதற்கு மேலே லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று போகும். குதிரைப்படை வழிவந்த டாங்கிப் படையில் அதே படிக்குச் சவார், பீரங்கிப் படையில் கன்னர். மகனைப் படைக்கு அனுப்பினால் முதல் நாளிலிருந்து அவன் சிப்பாய் என்பதுதான் இவ்வளவு காலமும் வழக்கம்.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்ததும் அது மாறியது. இப்போது கடலூரிலோ புதுச்சேரியிலோ ஓடி, தாண்டி, பரிட்சை எழுதிச் சேர்கிற பையன் நான்கு வருஷத்துக்கு ‘அக்னிவீர்’, அது மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியான ஒரு படி. நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரப் படையில் வைத்துக்கொள்வார்கள், அவர்கள்தான் சிப்பாய், நாயக், ஹவில்தார் என்ற பழைய வரிசைக்குள் வர முடியும், பென்ஷனும் அவர்களுக்குத்தான். மற்ற எழுபத்தைந்து பேர் சிப்பாய் ஆகாமலே வீட்டுக்கு வருவார்கள்.